ஆத்துல கரைச்ச புளியும் மணல்ல போட்ட யூரியாவும்

மீன்பிடி குப்பத்து மணல்ல கீரை வருமான்னு யாராவது கேட்டா, தாராளமா வரும்னு சொல்லுவேன். வர்றது பிரச்சினையே இல்ல. அதுக்குப் போட்ட உரம் எங்க போச்சுங்கறதுதான் பிரச்சினை. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான். கொஞ்சம் நீளம், நடுவுல கொஞ்சம் மீன் வாசனையும் அடிக்கும். மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் படிங்க மக்களே :-)

பழவேற்காடு பலருக்கும் தெரிஞ்ச ஊருதான். சென்னையிலேருந்து பொன்னேரி வழியா வடக்கே போனா சுமார் அறுபது கிலோமீட்டர். சிலிகாவுக்கு அடுத்தபடியா இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவுல இருக்கு, தெக்கு ஓரம் மட்டும் நம்ம திருவள்ளூர் மாவட்டத்துல. பூநாரை பார்க்க வர்றவங்க ஒரு பக்கம், 1613-ல டச்சுக்காரங்க கட்டின ஜெல்ட்ரியா கோட்டை இருந்த இடத்தையும் வாசல்ல எலும்புக்கூடு செதுக்கின அவங்க கல்லறைத் தோட்டத்தையும் பார்க்க வர்றவங்க இன்னொரு பக்கம். நான் இதுல எதுக்கும் போறதில்ல. தங்கமணியோட சித்தி வீட்டு நண்டுக் குழம்புக்காகப் போற ஆளு.

சித்தி வீடு ஊருக்குள்ள இல்ல. பாலத்தைத் தாண்டி கலங்கரை விளக்கம் பக்கம் போனா வரிசையா வர்ற குப்பங்கள்ல ஒண்ணு. ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் கடல், நடுவுல ஒரு மணல் திட்டு. அதுக்கு மேல வீடு, பனைமரம், தென்னைமரம், வலை, நாய். நான் அவங்களை சின்னத்தைன்னு கூப்பிடுவேன். வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு செண்ட் இடம். அதுல சிறுகீரை, அரைக்கீரை, கொஞ்சம் பாலக்.

இது பொழுதுபோக்குத் தோட்டம் இல்லைங்க. ஏரியில இறால் பிடிக்கிறது அங்க 'பாடு' கணக்கு. யார் எந்த நாள் எந்த இடத்துல வலை கட்டலாம்னு முறை வச்சிருக்காங்க. முகத்துவாரத்துல மணல் ஏறிடுச்சுன்னா கடல்தண்ணி வரத்து குறையும், இறாலும் குறையும். முறை வந்தாலும் வலையில ஒண்ணும் விழாது. அந்த மாசங்கள்ல சின்னத்தை கூடையில கீரை கட்டி எடுத்துக்கிட்டுப் போய் வித்துட்டு வர்ற காசுதான் பேத்தியோட ஸ்கூல் வேனுக்கும் மளிகைக்கும். மாமா அதைப் பத்திப் பேச மாட்டாரு. ஆனா காலையில தண்ணி ஊத்தறது அவருதான்.

போன தடவை போனப்போ கீரை வெளிறிப்போய் நின்னுச்சு. "யூரியா போடலையா?"ன்னு கேட்டேன்.

"போடாம இன்னா மாப்ள? போன வாரம்தான் போட்டேன். பச்சை புடிச்சுது, நாலு நாள் நின்னுச்சு, மறுபடியும் மஞ்சளாப் பூடுச்சு. பேங்க்ல போட்டா வட்டியாவது வரும். இந்த மண்ணுல போட்டா மொதலே காணாமப் பூடுது."

இதை விட நல்லா எந்தப் புத்தகத்துலயும் சொல்லி நான் படிச்சதில்ல.

மொதல் எங்க போவுது?

யூரியாவுல 46 சதவீதம் தழைச்சத்து. மண்ணுல விழுந்ததும் ஈரத்துல கரையும். மண்ணுல இருக்கிற ஒரு நொதி அதை அமோனியமா மாத்தும். மேலாகத் தூவி வெயில்ல விட்டா அதுல ஒரு பங்கு அமோனியா வாயுவாப் பறந்துடும். மிச்சத்தைப் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டா மாத்தும். செடி அதிகமா எடுத்துக்கறது அந்த நைட்ரேட்டைத்தான். வில்லங்கமும் அதுலதான்.

களிமண் துகளுக்கும் மக்குக்கும் மேல எதிர் மின்னேற்றம் இருக்கும். அமோனியத்துக்கு நேர் மின்னேற்றம், அதனால ஒட்டிக்கும். நைட்ரேட்டும் எதிர் மின்னேற்றம்ங்கறதால ஒட்டாது, தண்ணி எங்க போகுதோ கூடவே போயிடும். வண்டல் மண்ணுல தண்ணி மெதுவா இறங்கும், அதுக்குள்ள வேர் பிடிச்சுக்கும். இந்தக் கடற்கரை மணல்ல களியும் இல்ல, மக்கும் இல்ல. காலையில ஒரு குடம் ஊத்தினா எண்ணி பத்து எண்றதுக்குள்ள உள்ள போயிடுது. சிறுகீரை வேர் எவ்வளவு ஆழம் போகும்? அது இருபத்தஞ்சு நாள் பயிரு. வேர் எட்டறதுக்குள்ள நைட்ரேட் கீழ போய்ச் சேர்ந்துடும்.

சரி, கீழ என்ன இருக்கு? அங்கதான் அவங்க குடிக்கிற தண்ணி இருக்கு.

இந்த மாதிரி மணல் திட்டுல மழைத்தண்ணி இறங்கி, கீழ இருக்கிற உப்புத் தண்ணிக்கு மேல ஒரு லென்ஸ் மாதிரி மிதக்கும். நல்ல தண்ணி எடை கம்மி, உப்புத் தண்ணி எடை அதிகம், அதனால கலக்காம நிக்கும். கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி இருந்தா, கீழ சுமார் நாப்பது அடி வரைக்கும் நல்ல தண்ணி இருக்கும்னு ஒரு கணக்கு உண்டு. 1880-களோட கடைசியில இதைச் சொன்னவர் பாடோன் கெய்பன்ங்கற டச்சுக்காரர். ஹெர்ஸ்பெர்க்ன்னு ஒரு ஜெர்மன்காரர் 1901-ல தனியா அதையே சொன்னார். ரெண்டு பேர் பேரையும் சேர்த்துத்தான் இன்னிக்கும் அந்தக் கணக்குக்குப் பேர். பழவேற்காட்டு மணல்ல தொரவு தோண்டி நல்ல தண்ணி எடுக்கற பாட்டிக்கு இது எதுவும் தெரியாது. ஆனா "ரொம்ப ஆழம் தோண்டாத, உப்பு ஏறிடும்"னு தெரியும். அது போதும்.

சின்னத்தை வீட்டுக் கைப்பம்பு கீரைப் பாத்தியிலேருந்து பத்தடி. குடிதண்ணியில நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாதுன்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. அதுக்கு மேல போனா கைக்குழந்தைகளுக்கு ஆபத்து, ரத்தம் ஆக்சிஜனைத் தூக்கற சக்தி குறையும். நாலு பாத்தி யூரியாவால அவ்வளவு பெரிய ஏரிக்கு ஒண்ணும் ஆயிடாது. அப்படி எழுதி பயமுறுத்தற ஆளு நான் இல்ல. ஆனா பத்தடி தள்ளி இருக்கிற கைப்பம்பு விஷயம் வேற. அந்த வீட்டுல ஒரு கைக்குழந்தையும் இருக்கு.

ஆக, காசு போறதும் தண்ணி கெடறதும் ரெண்டு பிரச்சினை இல்ல, ஒரே பிரச்சினை. உரத்தைக் கூட்டினா ரெண்டும் கூடும். மண்ணுக்கு அதைப் பிடிச்சு வைக்கிற சக்தி வந்தா ரெண்டும் குறையும். மீதிக் கதையெல்லாம் அந்தப் பிடிப்பை எப்படிக் குடுக்கறதுங்கறதுதான்.

எல்லா உப்பு மண்ணுக்கும் ஜிப்சம் இல்ல

பக்கத்து வீட்டு அண்ணன் ஒருத்தர், "ஜிப்சம் போடுங்க, உப்பு எடுத்துடும்"னார். அவர் சொன்னதுல பாதி சரி.

உப்பு மண்ணுல ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு உவர் மண். மண்கரைசலோட மின்கடத்துத்திறன் நாலுக்கு மேல இருக்கும், பி.எச். பெரும்பாலும் 8.5-க்குக் கீழ. இங்க பிரச்சினை கரையற உப்பு. நல்ல தண்ணி விட்டு கீழே கழுவித் தள்ளினா போயிடும். இன்னொண்ணு களர் மண். பி.எச். 8.5-க்கு மேல, சோடியம் களித்துகள்ல ஒட்டிக்கிட்டு மண்ணை சிமெண்ட் மாதிரி இறுக்கிடும். அங்கதான் ஜிப்சம் வேலை செய்யும். அதுல இருக்கிற கால்சியம் சோடியத்தைத் தள்ளிட்டு அந்த இடத்துல உக்காரும், அப்புறம் தண்ணி விட்டு சோடியத்தைக் கழுவி விடணும். வெறும் உவர் மணல்ல ஜிப்சத்தைக் கொட்டினா ஏற்கனவே இருக்கிற உப்போட இன்னொரு உப்பு சேருது, அவ்வளவுதான்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம் பக்கத்து வயல்கள்ல கடல்தண்ணி ஏறினப்போ இந்த ரெண்டு வைத்தியமும் நடந்துச்சு. ஜிப்சம் போட்டாங்க, தக்கைப்பூண்டு விதைச்சு மடக்கி உழுதாங்க. ஆனா பெரிய வேலை பார்த்தது 2005 வடகிழக்குப் பருவமழை. கொட்டித் தீர்த்து உப்பைக் கீழ இறக்கிடுச்சு. கடற்கரைக்கு மழையை விடப் பெரிய மருந்து இல்ல.

அதனால நாங்க மொதல்ல பண்ணினது மண் பரிசோதனை. திருவள்ளூர் பக்கம் திரூர்ல வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, கேவிகேன்னு சொல்லுவாங்க. இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் தைரியமாப் போய்க் கேக்கலாம். எங்க மண்ணு உவர் ரகம்தான், களர் இல்ல. கரிமச்சத்து? இருந்தாத்தானே சொல்றதுக்கு.

ஜிப்சம் செலவு மிச்சம். தை மாசம், மழை உப்பைக் கழுவி முடிச்ச கையோட ஆரம்பிச்சோம். பாத்தியைத் தரையிலேருந்து ஒரு ஜாண் உசத்தி, சுத்தி வாய்க்கா விட்டோம்.

டச்சுக்காரன் மண்ணு

நடுவுல ஒரு குட்டிக்கதை. வசதி இல்லாத மணலை வயலா மாத்தினதுல கைதேர்ந்தவங்க அதே டச்சுக்காரங்கதான். நெதர்லாந்துல நிறைய இடம் வெறும் மணல். பல நூறு வருஷமா அங்க விவசாயிகள் புதர்க்காட்டு மேல்மண்ணை வேரோட செதுக்கி எடுத்துட்டு வந்து மாட்டுக்கொட்டாயில பரப்புவாங்க. சாணியும் மூத்திரமும் ஊறினதும் எடுத்துட்டுப் போய் வயல்ல போடுவாங்க. தலைமுறை தலைமுறையா அப்படிப் போட்டு மணலுக்கு மேல கறுப்பா ஒரு மண்ணே உருவாச்சு. பிளாக்கன் மண்ணுன்னு பேரு.

விம் சோம்ப்ரூக்னு ஒரு டச்சு மண்ணியல் விஞ்ஞானி. ரெண்டாம் உலகப்போர் கடைசியில, 1944-45 பஞ்சக் குளிர்காலத்துல, அவர் சின்னப் பையன். அவங்க குடும்பம் பிழைச்சதே இப்படி முன்னோர்கள் சேர்த்து வச்ச ஒரு துண்டு மண்ணால. பின்னாடி அவர் அமேசான் காட்டுக்கு ஆராய்ச்சிக்குப் போனப்போ, சத்தே இல்லாத மண்ணுக்கு நடுவுல திட்டுத் திட்டா கறுப்பு மண்ணைப் பார்த்தார். 'டெர்ரா பிரெட்டா'. பழங்குடி மக்கள் அடுப்புக்கரி, மீன்முள், எலும்பு, சாணம், வீட்டுக்குப்பை எல்லாம் போட்டுப் போட்டு உண்டானது. 1966-ல 'அமேசான் சாயில்ஸ்'னு அவர் எழுதின புத்தகத்துல அதைப் பத்தி எழுதினார். இன்னிக்கு உலகம் பூரா 'பயோசார்'னு பேசறதுக்கு மூலம் அதுதான்.

கரி, மீன்முள், சாணம், வீட்டுக்குப்பை. இதுல குப்பத்துல கிடைக்காதது எது சொல்லுங்க?

என்னென்ன போட்டோம்

தொழு உரம். கீரைக்கு ஹெக்டேருக்கு 25 டன்னு வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு. செண்ட்டுக்கு மாத்தினா சுமார் நூறு கிலோ. ஒரு டாடா ஏஸ் வண்டியில பொன்னேரிப் பக்கத்திலேருந்து வந்துச்சு. செலவுன்னு கை நீட்டிக் குடுத்தது பெரும்பாலும் இதுக்குத்தான்.

தென்னை நார்க்கழிவு. தன் எடையைப் போல பல மடங்கு தண்ணி பிடிக்கும். ஆனா அப்படியே போடக்கூடாது. உவர்த் தண்ணியில ஊறின மட்டையிலேருந்து வந்ததா இருந்தா உப்பு இருக்கும், நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவை அலசணும். கரிமம் - தழைச்சத்து விகிதம் 112-க்கு 1-ன்னு எங்கேயோ மேல நிக்கும். அந்த நிலையில போட்டா நுண்ணுயிர்கள் அதை மக்க வைக்கறதுக்கு மண்ணுல இருக்கிற தழைச்சத்தைப் பிடுங்கிக்கும், கீரை பட்டினி. கோவை வேளாண் பல்கலைக்கழகம் சிப்பிக்காளான் விதையும் யூரியாவும் அடுக்கடுக்காப் போட்டு மக்க வைக்கிற முறை ஒண்ணு சொல்லியிருக்காங்க. விகிதம் 24-க்கு 1 வரை இறங்கிடும். நாங்க மக்கினதாவே வாங்கினோம்.

கரி. வேலிக்காத்தான்! ராமநாதபுரத்துல மூட்டம் போட்டு லாரி லாரியாக் கரி எடுக்கிற அதே சீமைக்கருவேலம் இங்கயும் எங்க பார்த்தாலும் நிக்குது. கூம்பு மாதிரி ஒரு குழி வெட்டி, காஞ்ச கிளையை அடுக்கடுக்கா எரிச்சு, சாம்பலாப் போறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்தி அணைச்சோம். அணைக்கறதுதான் முக்கியம். சாம்பல்ல காரமும் உப்பும் அதிகம், உவர் மண்ணுக்கு அது வேண்டாத விருந்தாளி. கரியைப் பொடிச்சு, சாணியும் கோமியமும் கலந்து ரெண்டு வாரம் ஊறப் போட்டோம். கரிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கோடி பொந்து இருக்கு. காலியா மண்ணுல போனா அது மொதல்ல தன் வயித்தை ரொப்பிக்கும், அப்புறம்தான் செடிக்கு. அதனால ரொப்பியே அனுப்பிடணும். சதுர மீட்டருக்கு அரை கிலோவிலேருந்து ஒரு கிலோ.

வண்டல். "ஏரியில கறுப்புச் சேறு கெடக்கே, அள்ளிப் போட்டா என்ன?"ன்னு மாமா கேட்டார். பார்க்க அல்வா மாதிரித்தான் இருக்கும். ஆனா உவர் ஏரிச் சேத்தோட கறுப்பு மக்கு மட்டுமில்ல, இரும்பு சல்ஃபைடு. அழுகின முட்டை நாத்தம் அடிக்கறது அதோட உறவுக்காரன். காய வச்சா அமிலம் ஆகும், உப்பும் நிறைய. வண்டல் வேணும்னா நல்ல தண்ணி ஏரியிலேருந்து எடுக்கணும். அதுக்கு தாலுகா ஆபீஸ்ல அனுமதி கேட்டு வாங்கிக்கலாம். நாங்க நாலு மூட்டை மட்டும் போட்டோம். மணலுக்குக் களி கிடைக்கிற ஒரே வழி இதுதான்.

மூடாக்கு. பனையோலையும் வைக்கோலும். இதை உரமா யாரும் நினைக்கறதில்ல. ஆனா வெயில் மேல்மண்ணுத் தண்ணியை உறிஞ்சறப்போ கீழ இருக்கிற உப்பையும் மேல இழுத்துட்டு வந்து வேர்கிட்ட விட்டுட்டுப் போகும். மண்ணை மூடி வச்சா அது குறையும்.

இப்போ மீன் வாசனை

கழிவு மீன், செவுள், குடல் எல்லாம் குப்பத்துல இலவசம். கடல் மீனா இருந்தா ஒரு தடவை நல்ல தண்ணியில அலசிடணும். அதே எடைக்கு வெல்லம் இடிச்சுப் போட்டு, மூடியோட ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல மூணு வாரத்துக்கு மேல வச்சா மீன் அமிலம். வாசனை பழம் மாதிரி மாறிடும்னு சொல்லுவாங்க. பழம்னா... எந்தப் பழம்னு நான் கேக்கலை :-) லிட்டருக்கு அஞ்சிலேருந்து பத்து மில்லி. அதுக்கு மேல போனா இலை கருகும். புரதம் உடைஞ்சு கிடைக்கிற தழைச்சத்துங்கறதால கீரைக்கு நல்லாவே கேக்கும். கொரியாவுல சோ ஹான்-கியூ பரப்பின இயற்கை விவசாய முறையில இது ஒரு முக்கிய சரக்கு. நம்ம ஊர்லயும் இயற்கை விவசாயம் பண்றவங்க வீட்டுல ஒரு டப்பா கட்டாயம் இருக்கும்.

மீனை உரமாக்கறது நமக்கும் புதுசில்ல. மதராஸ் மாகாண மீன்துறையைத் தொடங்கி வச்ச பிரெடரிக் நிக்கல்சன் காலத்துல, இருபதாம் நூற்றாண்டோட ஆரம்பத்துல, மலபார் கரையில மத்தி மீனைக் காய்ச்சி எண்ணெய் எடுத்துட்டு மிச்சத்தை உரமா வித்திருக்காங்க.

யூரியாவை ஒரேயடியா விட்டுட்டோமா? இல்ல. சின்னத்தைக்கு இருபத்தஞ்சாம் நாள் கட்டு கட்டியாகணும். 2015-லேருந்து உள்நாட்டு யூரியா முழுக்க வேப்பெண்ணெய் பூசித்தான் வரணும்னு சட்டம். வேம்பு அந்த நைட்ரேட்டா மாத்தற பாக்டீரியாவைக் கொஞ்சம் மந்தமாக்கும். நம்ம நெல் விவசாயிகள் அதுக்கு ரொம்ப முன்னாடியிலேருந்தே யூரியா, ஜிப்சம், வேப்பம்புண்ணாக்கு மூணையும் 5:4:1 கணக்குல கலந்து ராத்திரி பூரா வச்சுட்டுக் காலையில போடுவாங்க. நாங்க ஜிப்சத்தை விட்டுட்டு, புண்ணாக்கும் மக்கின எருவும் கலந்து, முன்ன போட்டதுல பாதி யூரியாவை மூணு தவணையாப் பிரிச்சு, வரிசைக்கு நடுவுல கீறி மண்ணால மூடினோம். மேல தூவறது நிறுத்தம்.

என்ன ஆச்சு?

ஒரு பாத்தி பழைய முறை. ஒண்ணுல எரு மட்டும். ஒண்ணுல எரு, நார்க்கழிவு, ஊற வச்ச கரி எல்லாம். நாலாவது ஒரு சின்ன பாத்தியில ஊற வைக்காத வெறும் கரி, என்ன ஆகும்னு பார்க்கறதுக்கே போட்டது. இது ஆராய்ச்சி இல்ல, எடைத்தராசு கூட இல்ல. கண்ணால பார்த்ததைத்தான் சொல்றேன்.

பழைய பாத்தி வழக்கம் போல பச்சை, மஞ்சள், பச்சை, மஞ்சள். வெறும் கரி பாத்தி எல்லாத்தையும் விட மோசம், மொதல் ரெண்டு வாரம் எழுந்துக்கவே இல்ல. எரு பாத்தி நல்லா இருந்துச்சு. எல்லாம் கலந்த பாத்திக்கும் எரு பாத்திக்கும் சிறுகீரையில பெரிய வித்தியாசம் தெரியல. அரைக்கீரையில தெரிஞ்சுச்சு. அறுக்க அறுக்கத் துளுக்கற கீரை இல்லையா, மூணாவது அறுப்புக்கு எரு பாத்தி தளர்ந்துச்சு, கரி பாத்தி தளரல. ரெண்டு வேளை ஊத்தற தண்ணி ஒரு வேளையாச்சு. தண்ணி கம்மின்னா தொரவுல உப்பு ஏறறதும் கம்மி. சித்திரை வெயில்ல எல்லாப் பாத்தியும் வாடினது உண்மை. மந்திரம் எதுவும் நடக்கல.

சின்னத்தை கணக்கு வேற மாதிரி. அவங்க இலை அகலத்தைப் பார்க்கல. "உரக்கடைக்கு எத்தினி தபா போனேன் இந்த மூணு மாசத்துல? ஒரு தபா." இதுதான் அவங்க சொன்ன முடிவு. கணக்குப் பார்த்தா ஒரு வேன் கட்டணம் அப்படியே கையில நின்னிருக்கு. அதை அவங்க சொல்லல, மாமா சொன்னார்.

கடையில விக்கற பாட்டில்களைப் பத்தி ஒரு வார்த்தை. ஹியூமிக் அமிலம் பெரும்பாலும் பழுப்பு நிலக்கரியிலேருந்து எடுக்கறது, நம்ம நெய்வேலி நிலக்கரியிலயும் எடுக்கலாம். கடல்பாசிச் சாறு ராமநாதபுரம் கரையில வளர்க்கிற காப்பாபைக்கஸ் மாதிரி பாசியிலேருந்து வர்றது, பாவ்நகர்ல இருக்கிற மத்திய உப்பு ஆராய்ச்சி நிலையம் அதுல நிறைய வேலை பண்ணியிருக்கு. ரெண்டும் பொய் இல்ல. ஆனா பிடிப்பே இல்லாத மணல்ல பாட்டில் ஊத்தறது, ஓட்டைக் குடத்துல பன்னீர் ஊத்தற மாதிரி. மொதல்ல குடத்தை அடைக்கணும். அதுக்கு எருவும் கரியும் வண்டலும் வேணும். அப்புறம் காசு மிஞ்சினா பன்னீர்.

இதுக்கும் ஒரு எல்லை இருக்கு. அந்தத் தோட்டத்தோட ஏரிப்பக்க மூலையில என்ன போட்டாலும் கீரை வராது. மழைக்காலத்துல ஏரித் தண்ணி அங்க வந்து நின்னுட்டுத்தான் போகும். அந்த மூலையில தானா முளைக்கிறது உமரி. தொட்டா தண்ணி வைக்கிற குண்டு இலை, கடிச்சா உப்பு. உப்பை வெளிய தள்ளாம தன் இலைக்குள்ள பத்திரமா ஒதுக்கி வச்சுக்கிட்டு வாழற செடி. சின்னத்தை அதைப் பறிச்சு, வேக வச்சு, தண்ணியைக் கொட்டிட்டு, இறாலோட பொரியல் பண்ணுவாங்க. உப்பு போட வேண்டியதில்ல. உரமும் வேண்டியதில்ல. அந்த மூலையைத் திருத்தறேன்னு நான் கிளம்பினப்போ, "அத்த வுடுங்க மாப்ள, அது இருக்கிற எடத்துல இருக்கட்டும்"னு சொல்லிட்டாங்க.

அடுத்த மழை முடிஞ்சதும் கரி பாத்தியை ரெண்டா ஆக்கறதாப் பேச்சு. கைப்பம்புத் தண்ணியை நைட்ரேட்டுக்குச் சோதிக்கக் குடுத்துட்டுத்தான் அதை ஆரம்பிக்கறதுன்னு முடிவு. பாத்தியையும் பம்பிலேருந்து இன்னும் பத்தடி தள்ளிப் போடறோம்.

உங்க ஊரு கடற்கரையா? ராமேஸ்வரம், வேதாரண்யம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு? உங்க மணல்ல உங்க வீட்டுப் பெரியவங்க என்ன போட்டாங்கன்னு எழுதுங்க. யாழ்ப்பாணத்து மணல்ல பனையோலையைப் புதைச்சு எரு போடற வழக்கம் உண்டுன்னு கேள்விப்பட்டிருக்கேன். அதைக் கண்ணால பார்த்தவங்க இருந்தா அவசியம் சொல்லுங்க. சின்னத்தை கேக்கச் சொன்னாங்க.

கொசுறு: மீன் அமில டப்பாவை வீட்டுக்குள்ள வைக்காதீங்க. மாடியிலயும் வைக்காதீங்க. நான் ஒரு பாட்டில் எடுத்துட்டு வந்ததிலேருந்து தெருவுல இருக்கிற அத்தனை பூனைக்கும் எங்க வீட்டு விலாசம் தெரியும். தங்கமணி இன்னும் அதைப் பத்தி ஒண்ணும் சொல்லல. அதான் பயமா இருக்கு :-)